மிஸேரியா சொதப்பினால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி

போலந்து வெள்ளரி சாலட்டான மிஸேரியாவுக்குப் பொருட்கள் ரொம்பக் குறைவு. வெள்ளரிக்காய், ஷ்மியெதானா எனும் புளித்த கிரீம், டில் கீரை (சதகுப்பை), எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர், உப்பு, சர்க்கரை, மிளகுத்தூள். அடுப்புப் பற்றவைக்கவே வேண்டாம். அதனால்தான் எல்லோரும் இதைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள், சாப்பிட உட்காரும்போது கிண்ணத்தில் வெள்ளைத் தண்ணீரில் வெள்ளரி மிதக்கிறது.

போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் படிக்கவும் வேலை பார்க்கவும் வந்திருக்கும் நண்பர்கள் வீடுகளில் இந்த சாலட்டைச் சரிசெய்து கொடுப்பது எனக்கு ஒரு பகுதிநேர வேலை மாதிரி ஆகிவிட்டது. புகார்கள் எப்போதும் அதே ஏழெட்டுதான். உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், கடைக்கு ஓட வேண்டியது கடைசியில். மேலிருந்து கீழாகப் பார்த்து வாருங்கள். எடுத்தவுடன் புது வெள்ளரி வாங்கக் கிளம்ப வேண்டாம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவு

நான்கு பேருக்குத் தோல் சீவிய வெள்ளரி 500 கிராம். தூள் உப்பு தலைதட்டி 1 டீஸ்பூன். 18 சதவீதக் கொழுப்புள்ள ஷ்மியெதானா 150 கிராம். எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், சர்க்கரை அரை டீஸ்பூன், பொடியாக நறுக்கிய டில் 2 டேபிள்ஸ்பூன், கொஞ்சம் மிளகுத்தூள்.

வெள்ளரியை 2 மில்லிமீட்டர் வட்டங்களாகச் சீவி, உப்புப் போட்டுப் பிசறி, வடிதட்டில் 20 நிமிடம் விட்டு, கையால் பிழிய வேண்டும். கிரீமில் எலுமிச்சை, சர்க்கரை, மிளகு, டில் சேர்த்துத் தனியாகக் கலக்கி வைத்துக்கொண்டு, சாப்பிடுவதற்குச் சற்று முன் இரண்டையும் சேர்க்க வேண்டும். கிரீமில் உப்பு கிடையாது. கீழே வரும் எல்லாச் சோதனைகளும் இந்த அளவை வைத்துத்தான்.

## தண்ணீர் விட்டுக் குளமாகிறது

புகார்களில் பெரும்பாதி இதுதான். ஆனால் சரிசெய்யும் முன் ஒன்று. போலந்தில் எல்லா வீடுகளிலும் வெள்ளரியைப் பிழிவதில்லை. உப்பில் ஊறவிட்ட தண்ணீரோடு அப்படியே கிரீமை ஊற்றிக் கலந்து, அந்த வெள்ளைச் சாற்றை வெந்த உருளைக்கிழங்கின் மேல் விட்டுப் பிசைந்து சாப்பிடுகிறவர்கள் உண்டு. உங்களுக்கு அது பிடித்திருந்தால் உங்கள் மிஸேரியாவில் ஒரு கோளாறும் இல்லை. கிரீம் ஒட்டிக்கொண்டு கெட்டியாக வர வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்தப் பகுதி.

### கலந்த ஐந்து நிமிடத்திலேயே தண்ணீர் தெரிந்தால்

உப்பு தன் வேலையை முடிக்கவில்லை என்று பொருள். ஒரு துண்டை எடுத்து இரண்டாக மடித்துப் பாருங்கள். 'டக்'கென்று உடைந்தால் ஊறவில்லை. உடையாமல் துணி மாதிரி மடிந்தால் ஊறிவிட்டது. கடிகாரத்தை நம்புவதைவிட இந்தச் சோதனையை நம்பலாம். ஏனென்றால் தடிமனாகச் சீவியிருந்தால் 20 நிமிடம் போதாது, 30 வரை ஆகும்.

மடிகிறது, ஆனாலும் தண்ணீர் வருகிறதா? அப்படியானால் பிழிந்தது போதவில்லை. வடிதட்டில் தானாக வடிந்ததே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். தண்ணீரில் பாதி இன்னும் துண்டுகளுக்கு இடையில்தான் நிற்கிறது. இரண்டு கைப்பிடி அளவு எடுத்துத் தொட்டியின் மேல் அழுத்துங்கள். தாரையாக ஒழுகினால் இன்னும் பிழிய வேண்டும், சொட்டுச் சொட்டாக வந்தால் போதும். கை வலிக்கிறது என்றால் சுத்தமான பருத்தித் துணியில் கட்டி முறுக்கலாம். ரொம்ப முறுக்கினால் வேறு வியாதி வரும். அதற்குக் கீழே தனித் தலைப்பு இருக்கிறது.

உப்பு கூடிவிட்டதே என்று பயந்து வெள்ளரியைக் குழாயில் அலசினீர்களா? அலசுவதில் தவறில்லை. அலசிய பிறகு மறுபடி பிழிய வேண்டும், அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

### மேசைக்கு வந்து அரை மணி நேரத்தில் தண்ணீர் விட்டால்

கிரீமில் உப்புப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பிழிந்த வெள்ளரியிலும் மிச்சம் தண்ணீர் இருக்கும். கிரீமில் இருக்கும் உப்பு அதையும் வெளியே இழுத்துவிடும். பிழிந்த துண்டில் ஏற்கெனவே போதுமான உப்பு ஒட்டியிருக்கும்.

அது காரணம் இல்லை என்றால், சீக்கிரமே கலந்துவிட்டீர்கள். இந்த சாலட் தனியாகச் சாப்பிடுவதற்கானதல்ல. ரொட்டித்தூள் பூசிப் பொரித்த பன்றியிறைச்சித் துண்டான ஸ்ஹபோவி, அவித்த உருளைக்கிழங்கு, பக்கத்தில் மிஸேரியா என்பதுதான் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின் அமைப்பு. எனவே நேரத்தை உருளைக்கிழங்கை வைத்துப் பிரியுங்கள். கிழங்கை அடுப்பில் ஏற்றும்போது வெள்ளரிக்கு உப்புப் போடுங்கள். எண்ணெய் காயும் நேரத்தில் பிழிந்து, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கிரீமையும் கலக்கித் தனியாக உள்ளே வையுங்கள். கடைசி இறைச்சித் துண்டு சட்டியிலிருந்து வெளியே வந்த பிறகு இரண்டையும் சேர்த்தால் போதும். விருந்தாளிகள் தாமதமாக வந்தாலும் ஒன்றும் கெடாது.

### பிழிந்தாயிற்று, கடைசியில் கலந்தாயிற்று, அப்படியும் நிற்கவில்லை

இனி காய்மேல்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரு வெள்ளரியை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். நடுவில் விதைகள் பெரிதாகி, சுற்றிலும் கொழகொழவென்று இருந்தால் அந்தப் பகுதி எவ்வளவு பிழிந்தாலும் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். டீஸ்பூனால் நடுவை வழித்துப் போட்டுவிட்டுப் பிறைகளாகச் சீவுங்கள். வட்டம் வராது, அதனால் என்ன.

அடுத்த முறை வாங்கும்போது கவனிக்க வேண்டியது காயின் வகை. போலந்துக் கடைகளில் வருடம் முழுக்கக் கிடைப்பது பிளாஸ்டிக் உறை போட்ட, நீளமான கண்ணாடிக்கூட வெள்ளரி. தோல் மெலிது, தண்ணீர் அதிகம், மணம் குறைவு. கோடையில் சந்தைக்கு வருவது க்ருந்தோவி எனப்படும் திறந்தவெளி வெள்ளரி: குட்டையானது, தோலில் முண்டு முண்டாக இருக்கும், ஊறுகாய் போடுவதும் இதில்தான். சதை இறுகலாக இருப்பதால் மிஸேரியாவுக்கு என் ஓட்டு இதற்கே. உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில், அழுத்தினால் அமுங்காததாகப் பொறுக்குங்கள். மஞ்சள் தட்டியது முற்றிப் போனது, விதை பெருத்திருக்கும்.

கடைசியாகக் கிரீம். 12 சதவீத ஷ்மியெதானா, கெஃபிர் எனும் புளித்த பால், வடிகட்டாத தயிர் இவற்றில் ஏதாவது ஊற்றியிருந்தால் கெட்டியாக வராது. 18 சதவீதம் வாங்குங்கள்.

### விருந்தாளி உட்கார்ந்துவிட்டார், கிண்ணம் குளமாக இருக்கிறது

அப்படியே சல்லடையில் கொட்டி ஒரு நிமிடம் வடியவிடுங்கள். கிண்ணத்தைத் துடைத்து, வெள்ளரியைத் திரும்பப் போட்டு, இரண்டு மூன்று ஸ்பூன் புதுக் கிரீம் சேர்த்துக் கலந்து, மேலே டில் தூவுங்கள். எலுமிச்சையும் கொஞ்சம் தண்ணீரோடு போயிருக்கும், ருசி பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். சோளமாவு, ரொட்டித்தூள் போட்டுக் கெட்டியாக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பச்சை மாவு வாடையோடு சாப்பிடுவதற்குத் தண்ணீரோடு சாப்பிடுவது எவ்வளவோ மேல்.

## கிரீம் திரிந்து குருணை குருணையாக இருக்கிறது

எலுமிச்சைச் சாற்றை எப்படிச் சேர்த்தீர்கள் என்பதே முதல் கேள்வி. வெள்ளரியும் கிரீமும் கலந்த கிண்ணத்தின் மேல் நேராகப் பிழிந்திருந்தால், சாறு விழுந்த இடத்தில் கிரீம் அப்படியே குருணை கட்டும். சாறில் சர்க்கரையைக் கரைத்து, அதைக் கிரீமில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள்.

அதன் பிறகு சூடு. சமையலறை வெக்கையில் அரை மணி நேரம் கிடந்த கிரீம் சீக்கிரம் பிரியும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கிரீம், குளிர்ந்த வெள்ளரி, குளிர்ந்த கிண்ணம் என்றால் அநேகமாகப் பிரச்சினை வராது.

மேற்பரப்பில் தெளிந்த நீர் மட்டும் நிற்கிறது, குருணை இல்லை என்றால் திரிந்துபோகவில்லை. டப்பாவைத் திறக்கும்போதே அந்த நீர் இருந்திருக்கும். கலக்கிவிட்டால் சேர்ந்துகொள்ளும், அல்லது சாய்த்து ஊற்றிவிடுங்கள்.

இதையெல்லாம் பார்த்தும் தீரவில்லையா? டப்பாவின் பெயரைப் படியுங்கள். ஷ்மியெதானா புளித்தது, ஷ்மியெதான்கா புளிக்காத இனிப்புக் கிரீம். போலந்து எழுத்தில் ஒரு 'k' மட்டும்தான் கூடுதல், அதே அலமாரி, இரண்டிலும் 18 என்று அச்சிட்டது கிடைக்கும். அந்த 18-ஐ மட்டும் பார்த்து அவசரத்தில் எடுக்கிறவர்கள் காப்பிக்கும் சூப்புக்கும் ஊற்றும் கிரீமோடு வீட்டுக்கு வருகிறார்கள். அதில் எலுமிச்சை விட்டால் சில சமயம் திரியும், சில சமயம் தண்ணீராகவே நிற்கும். 30 சதவீத இனிப்புக் கிரீம்தான் வீட்டில் இருக்கிறது என்றால் அதில் எலுமிச்சை சேர்த்துக் கலக்கிக் கொஞ்ச நேரம் வைத்தால் கெட்டிப்படும். ஆபத்துக்குப் பாவமில்லை, ஆனால் அந்த மெல்லிய புளிப்பு வராது.

குருணை கட்டியதைக் காப்பாற்ற: வெள்ளரியை வடித்துத் தனியே எடுத்துவிட்டு, கிரீமில் இரண்டு ஸ்பூன் புதுசாகச் சேர்த்து முட்டை அடிக்கும் கம்பியால் வேகமாக அடியுங்கள். லேசாகத் திரிந்ததாக இருந்தால் சேர்ந்துவிடும். சேரவில்லை என்றாலும் கிரீம் புதிதாக இருந்திருந்தால் சாப்பிடுவதில் ஆபத்து இல்லை, பார்வைக்குத்தான் நன்றாக இருக்காது.

### ஷ்மியெதானாவே கிடைக்காத ஊரில்

போலந்துக்கு வெளியே இருந்து செய்கிறவர்களுக்கு இது. கடையில் சோர் கிரீம் கிடைத்தால் வாங்கிவிடுங்கள், அளவு ஏதும் மாறாது. கிடைக்காவிட்டால் முழுக்கொழுப்புத் தயிரை மெல்லிய துணியில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே இரண்டு மூன்று மணி நேரம் தொங்கவிட்டு, வடிந்த கெட்டியில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு ஃப்ரெஷ் கிரீம் சேருங்கள். போலந்திலேயே கிரீம் வேண்டாமென்று தயிரில் செய்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், எனவே குற்ற உணர்ச்சி தேவையில்லை. தயிர் ஏற்கெனவே புளிப்பு என்பதால் எலுமிச்சையைப் பாதியாகக் குறையுங்கள். டெட்ரா பேக் கிரீமை மட்டும் தனியாக ஊற்றினால் சப்பென்றுதான் இருக்கும். வடிகட்டாத தயிரை ஊற்றினால் நம் வெள்ளரிப் பச்சடி வந்து நிற்கும். அதற்குக் கடுகு தாளித்துவிடுங்கள், நன்றாகவே இருக்கும், மிஸேரியா என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

## கசக்கிறது

செய்து முடித்த பிறகு இதற்கு மருந்து கிடையாது. சர்க்கரை போட்டால் இனிப்பும் கசப்பும் சேர்ந்து வரும், அவ்வளவுதான். எனவே சோதனையை வெட்டும் முன்பே செய்யுங்கள்: ஒவ்வொரு காயிலும் காம்புப் பக்கம் ஒரு வட்டம் வெட்டி நாக்கில் வையுங்கள். ஒரு காய் போதும் என்று நினைக்காதீர்கள். ஐந்து நல்ல காயையும் ஒரு கசப்புக் காய் கெடுத்துவிடும்.

### லேசான கசப்பு, காம்புப் பக்கம் மட்டும்

அந்தப் பக்கம் 2, 3 சென்டிமீட்டர் வெட்டி எறியுங்கள், தோலைக் கொஞ்சம் தடிமனாகச் சீவுங்கள், மறுபடி நாக்கில் வைத்துப் பாருங்கள். போலந்துச் சமையலறைகளில் வெள்ளரித் தோலைப் பூ முனையிலிருந்து காம்பை நோக்கிச் சீவச் சொல்வார்கள். கத்தியோடு கசப்பு காய் முழுக்கப் பரவாமல் இருக்கவாம். நம் வீடுகளில் முனையை வெட்டி அதையே காய்மேல் நுரை வரத் தேய்ப்பது வழக்கம். இரண்டையும் செய்யலாம், நஷ்டமில்லை. ஆனால் நான் நம்புவது வெட்டி எறிவதைத்தான்.

### காய் கசக்கவில்லை, சாலட் கசக்கிறது

எலுமிச்சையை இரும்புப் பிழிவானில் கடைசிச் சொட்டுவரை நசுக்கினீர்களா? வெள்ளைத் தோலும் விதையும் நசுங்கினால் கசக்கும். கையால் பிழியுங்கள், அல்லது 10 சதவீத வினிகரில் 1 டீஸ்பூன் விடுங்கள். போலந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 10 சதவீதம்தான். அதை எலுமிச்சை அளவுக்கு டேபிள்ஸ்பூனில் ஊற்றினால் வேறொரு புகாரோடு திரும்பி வருவீர்கள்.

### காய் முழுக்கக் கடும் கசப்பு

குப்பையில் போடுங்கள். உப்பில் ஊறவைத்தாலும், பிழிந்தாலும், வேகவைத்தாலும் இது போகாது. குக்கர்பிடாசின் என்ற பொருள்தான் காரணம். அளவு அதிகமானால் வயிற்றைப் புரட்டிவிடும். கடைக் காயில் அரிது. தண்ணீர் காட்டாமல் வெயிலில் வாடிய தோட்டக் காயிலும், வீட்டிலேயே விதை எடுத்துப் போட்ட செடியிலும் வரும். சந்தையில் வாங்கினால் விற்கிறவரிடம் ஒன்றை வெட்டிக் காட்டச் சொல்லலாம். கோடையில் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கசப்பைப் பொருட்படுத்தாமல் சாப்பிட்டு, சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு வந்தால் மருத்துவரிடம் போங்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். குழந்தைக்கோ வயதானவருக்கோ என்றால் காத்திருந்து பார்க்கவே வேண்டாம்.

## உப்புக் கரிக்கிறது

கிரீம் சேர்க்கும் முன்னா, பின்னா?

முன் என்றால் கவலையே இல்லை. குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறை அலசி, பிழிந்து, ருசி பாருங்கள். பின் என்றால் உப்புப் போடாத வெள்ளரி கொஞ்சம் மெலிதாகச் சீவி, கிரீமும் இரண்டு ஸ்பூன் கூட்டிச் சேருங்கள். உருளைக்கிழங்கை உப்பில்லாமல் அவித்தால் தட்டில் சமமாகிவிடும் என்பதும் ஒரு வழி. அடுத்த வேளை சமைக்கிறவருக்கு இந்த ரகசியம் தெரியாமல் இருந்தால் நல்லது.

காரணம் பெரும்பாலும் ஸ்பூன்தான். குவித்த ஸ்பூனில் தலைதட்டியதைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு வரும். கல் உப்பும் தூள் உப்பும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை நிற்காது. தராசு இருந்தால் 500 கிராம் காய்க்கு 6 கிராம் உப்பு.

## துவண்டு, ரப்பர் மாதிரி இழுக்கிறது

மொறுமொறுப்பு இதில் ஓரளவுதான் இருக்கும், பச்சை வெள்ளரியைக் கடிக்கும் சத்தத்தை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் மெல்லவே முடியவில்லை என்றால் எங்கோ அதிகமாகப் போயிருக்கிறது. உப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மறந்து விட்டீர்களா, துணியில் கட்டி முறுக்கு முறுக்கென்று முறுக்கினீர்களா என்று பாருங்கள். பிழிந்த பிறகும் துண்டு வட்டமாக விரிய வேண்டும். கசங்கிய காகிதம்போல் சுருண்டே கிடந்தால் பிழிந்தது அதிகம்.

அடுத்தது தடிமன். காகிதம் மாதிரி மெல்லிய துண்டுகள்தான் அழகு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பிழியாமல் உடனே சாப்பிடுவதற்கு அது சரி. பிழியப் போகிறீர்கள் என்றால் 2 மில்லிமீட்டருக்குக் கீழே போக வேண்டாம். கத்தியில் சீராக வரவில்லை என்றால் சிப்ஸ் சீவும் கட்டை போதும், விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஆனால் கைப்பிடி மூடியைப் போட்டுக்கொண்டு சீவுங்கள். கடைசித் துண்டு வெள்ளரியைச் சேமிக்கப் போய் விரல் நுனியைக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். வெட்டுப்பட்டால் சுத்தத் துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். 10, 15 நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால், அல்லது காயம் வாய் பிளந்திருந்தால், தையல் போட மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான்.

காய் வெட்டும் முன்பே துவண்டிருந்ததா? வெள்ளரிக்குக் கடுங்குளிர் ஆகாது. 10 டிகிரிக்குக் கீழே பல நாள் கிடந்தால் தோலில் குழி விழும், சதை கொழகொழக்கும். பெட்டியின் பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்தே போகலாம். இரண்டு மூன்று நாளில் சமைக்கப் போகிறீர்கள் என்றால் வெளியே நிழலில் வையுங்கள், இல்லாவிட்டால் கதவுப் பக்கம்.

## சப்பென்று இருக்கிறது

எல்லாம் சரியாக வந்திருக்கிறது, ஆனால் ருசி எழும்பவில்லை. இதற்கு ஊகித்து எதையாவது கொட்டுவதைவிட மூன்று சிறு கிண்ணங்களில் ஒவ்வொரு ஸ்பூன் சாலட் எடுத்து, ஒன்றில் இரண்டு சொட்டு எலுமிச்சை, ஒன்றில் ஒரு சிட்டிகை சர்க்கரை, மூன்றாவதில் மிளகுத்தூள் போட்டுப் பாருங்கள். எது 'ஆமா, இதுதான்' என்று சொல்ல வைக்கிறதோ அதை மொத்தத்திலும் சேருங்கள். அநேகமாக எலுமிச்சைதான் ஜெயிக்கும்.

சர்க்கரை எவ்வளவு என்பதில் போலந்துக்காரர்களே ஒத்துப்போக மாட்டார்கள். போஸ்னான் பக்கத்து வீடுகளில் இனிப்பு நாக்கில் தெரிகிற அளவுக்குப் போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். சர்க்கரை என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுளிக்கும் வீடுகளும் உண்டு. விருந்தாளி எந்த ஊர் என்று தெரியாவிட்டால் அரை டீஸ்பூனோடு நிறுத்துங்கள்.

பூண்டு, வெங்காயம், பச்சை மிளகாய் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சின்ன வெங்காயத் தாள் கொஞ்சம் தூவுவது அங்கேயும் உண்டு. மிளகாய் உங்கள் வீட்டுக்குள் நடக்கிற விஷயம்.

## டில் மணமே வரவில்லை

காய்ந்த டில் போட்டிருப்பீர்கள். அதில் மணம் அநேகமாக இல்லை, நாக்கில் வைக்கோல்தான். வேறு வழியில்லை என்றால் கிரீமில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பச்சை டில் போட்டும் மணமில்லை, நாக்கில் நார் தட்டுகிறது என்றால் தண்டைச் சேர்த்து நறுக்கியிருக்கிறீர்கள். இறகு மாதிரி இருக்கும் இலையை மட்டும் உருவி, கூரான கத்தியால் ஒரே தரம் நறுக்குங்கள். குளிர்காலத்துக்கு, கோடையில் மலிவாகக் கிடைக்கும்போது நறுக்கி டப்பாவில் போட்டு உறைய வைத்துக்கொள்வது போலந்து வீடுகளில் சாதாரணம், காய்ந்ததைவிட எத்தனையோ மேல். உறைந்ததை உருகவிடாமல் நேராகக் கிரீமில் போடுங்கள். தமிழ்நாட்டில் தேடுகிறவர்கள் சதகுப்பைக் கீரை என்று கேட்டுப் பார்க்கலாம். கொத்தமல்லி மாற்று அல்ல.

## மறுநாள் புளித்து நாறுகிறது

முதலில், மறுநாளைக்கு வைக்காதீர்கள். கலந்த மிஸேரியா அன்றைக்கானது. மீந்துபோகும் என்று தெரிந்தால் பிழிந்த வெள்ளரியையும் கிரீமையும் தனித்தனியாக மூடி வைத்து, வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். அப்படி வைத்தால் மறுநாள் மதியம்வரை நன்றாக இருக்கும்.

கலந்ததை வைத்திருக்கிறீர்கள், சாப்பிடலாமா? கிண்ணம் வெளியில் எவ்வளவு நேரம் இருந்தது என்று யோசியுங்கள். மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் என்றால் வேண்டாம். வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில், தோட்டத்தில் இறைச்சி சுடும் விருந்தில் வைத்ததென்றால் 1 மணி நேரம்தான் கணக்கு. நேரம் சரி, ஆனால் மேலே குமிழி, கையில் வழவழப்பு, ஈஸ்ட் வாடை இவற்றில் ஏதாவது இருந்தால் கொட்டிவிடுங்கள். வெறும் தண்ணீர் மட்டும் நின்றால் அது கெட்டதற்கு அடையாளம் இல்லை.

கிரீம் திறந்த இரண்டே நாளில் அடிக்கடி பூஞ்சை பிடிக்கிறதா? டப்பாவுக்குள் நக்கிய ஸ்பூன் போகிறதா என்று வீட்டில் விசாரியுங்கள். அது இல்லை என்றால் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு தம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு இரவு முழுக்க வையுங்கள். காலையில் 5 டிகிரிக்கு மேல் காட்டினால் திருகைக் கூட்டி, கதவு ரப்பரில் ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள். காகிதம் தடையில்லாமல் உருவி வந்தால் ரப்பர் போய்விட்டது. ரப்பரைத் துடைத்து, திருகைக் கூட்டி, அடுத்த நாளும் 5-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இந்த சாலட் தொடர்பாகச் செலவு என்று வந்தால் இதுதான் பெரிய செலவு.

சந்தையில் மூதாட்டிகள் பாட்டிலில் விற்கும் பண்ணைக் கிரீமில் ருசி அலாதி. ஆனால் அது காய்ச்சாத பாலில் எடுத்ததாக இருக்கலாம். வீட்டில் கர்ப்பிணி, கைக்குழந்தை, நோய் எதிர்ப்புக் குறைந்தவர் யாராவது இருந்தால் கடை டப்பா மட்டும் வாங்குங்கள்.

சாப்பிட்ட பிறகு வாந்தியும் பேதியும் வந்தால் முதலில் தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும். மலத்தில் ரத்தம், 39 டிகிரியைத் தொடும் காய்ச்சல், தண்ணீர்கூட வயிற்றில் தங்காமை, மூன்று நாளுக்கு மேல் நீளும் பேதி, சிறுநீர் குறைந்து தலைசுற்றல் இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மயக்கம் வருகிறது, எழுந்து நிற்க முடியவில்லை என்றால் போலந்தில் 112-ஐ அழைக்கலாம்.